மேகத்துக்கும் நிலம் வேண்டும்

நுழையும்முன்

தேர்வு முடிவைப் பார்ப்பது முதல் தொடர்வண்டிப் பயணச்சீட்டைப் பதிவுசெய்வது வரை, இன்று நம் வேலைகள் பலவும் எங்கோ தொலைவிலுள்ள கணினிகளில் நடைபெறுகின்றன. நம் கையிலுள்ள கருவி அவற்றைக் காட்டும் சாளரமாக மாறிவருகிறது. இத்தகைய காலத்தில் கணினியின் உள்ளே நடப்பதை அறியத்தான் வேண்டுமா? அவ்வினாவுக்கு விடை கூறுகிறது இக்கட்டுரை.

ஒரு நேர்மையான வினா

கணினி அறிவியல் பயிலும் மாணவரிடையே அண்மைக்காலமாக ஒரு வினா அடிக்கடி எழுகிறது. நிரலை எழுதித் தந்தால் அதனை இயக்கித் தர மேகச் சேவைகள் இருக்கின்றன. அந்நிரல் எந்தக் கணினியில் இயங்குகிறது, அதன் நினைவகம் எவ்வளவு, வட்டு எங்கே இருக்கிறது என்றெல்லாம் நிரலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. 'சேவையகமற்ற கணிமை' என்றே ஒருவகைச் சேவைக்குப் பெயரும் சூட்டிவிட்டனர். அவ்வாறிருக்க, செயலியின் நேரத்தைப் பங்கிடும் முறை, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிக்கும் முறை, முட்டுக்கட்டை நிலை ஆகியவற்றை இன்னும் பாடமாகப் படிப்பது எதற்காக? மேகச் சேவைகளின் பெயர்களையும் பயன்பாட்டையும் நேரடியாகக் கற்றுக்கொண்டால் போதாதா?

வினா நேர்மையானது. பாடச்சுமை மிகுந்த மாணவர் கேட்க வேண்டியதும் ஆகும். ஆனால், அதன் அடியில் ஒரு தவறான எண்ணம் மறைந்திருக்கிறது. மேகக் கணிமை வந்ததும் இயக்க அமைப்பு விலகிச் சென்றுவிட்டது என்பதே அவ்வெண்ணம். உண்மையில் மேகக் கணிமை இயக்க அமைப்பை ஒழிக்கவில்லை. நம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அதனைப் பன்மடங்காகப் பெருக்கியிருக்கிறது. ஆகவே, அதன் அடிப்படைகளைக் கற்கும் தேவை முன்னினும் மிகுந்திருக்கிறது என்பதே என் கருத்து.

முறைநீரும் இயக்க அமைப்பும்

ஏரிப்பாசனம் நடைபெறும் ஊர்களில், நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் மடைக்காரர் என்றும் ஊருக்கு ஊர் வேறுவேறு பெயரால் அழைக்கப்படும் ஒருவர் இருப்பது வழக்கம். ஏரி ஒன்று, அதன் நீரை நாடும் வயல்கள் பல. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எவ்வளவு நேரம் நீர்விடுவது, நீர் குறைந்த காலத்தில் எவர் பங்கை எவ்வளவு குறைப்பது, ஒருவருக்குரிய நீரை மற்றொருவர் திருப்பிக்கொள்ளாமல் காப்பது எப்படி என்பனவெல்லாம் அவருடைய பொறுப்புகள். அவர் முறையாகப் பணிசெய்யும் ஊரில், உழவர் தம் வயலை மட்டும் கவனித்தால் போதும்.

கணினிக்குள் அப்பொறுப்பை ஏற்றிருப்பதே இயக்க அமைப்பு. அது நான்கு வினாக்களுக்கு இடையறாது விடைகூறிக்கொண்டே இருக்கிறது. செயலியின் நேரம் இப்போது எந்த நிரலுக்கு? நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம்? மின்சாரம் நின்ற பின்னும் அழியாதவாறு தரவை எங்கே, எவ்வாறு வைப்பது? ஒரு நிரலின் உடைமையை மற்றொரு நிரல் தொடாமல் காப்பது எப்படி? நேரப் பங்கீடு, நினைவக மேலாண்மை, கோப்பு முறைமை, பாதுகாப்பு எனப் பாடநூல்களில் நாம் காணும் தலைப்புகள் யாவும் இந்நான்கு வினாக்களிலிருந்து பிறந்தவையே.

மேகத்தில் இவ்வினாக்கள் மறைந்துவிட்டனவா? மேகம் என்பது ஓர் உவமைப்பெயர் மட்டுமே. சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் உள்ள தரவு மையங்களுக்குள் சென்றால், அங்கு இருப்பவை கட்டடங்கள், மின்கம்பிகள், குளிரூட்டும் பொறிகள், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகள் ஆகியவையே. அக்கணினி ஒவ்வொன்றிலும் ஓர் இயக்க அமைப்பு இயங்குகிறது. அதன்மேல், ஒருவரையொருவர் அறியாத பல வாடிக்கையாளர்களின் நிரல்கள் ஒரே வேளையில் குடியிருக்கின்றன. மேட்டூர் அணையிலிருந்து நீர் வருகிறது என்பதற்காகக் கடைமடையில் முறைவைக்கும் தேவை நீங்கிவிடுவதில்லை. நீர்வரும் தொலைவும் பங்காளிகளின் எண்ணிக்கையும் கூடுந்தோறும் அத்தேவையும் கூடவே செய்கிறது.

மேகத்தின் வேர்கள்

மேகக் கணிமையைப் புத்தம்புதிய கண்டுபிடிப்பாகக் கருதுவோர் அதன் வரலாற்றை நோக்குதல் நன்று. 1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழா உரையில், தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுப்பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்று கூறினார் ஜான் மெக்கார்த்தி. அதே ஆண்டு, அதே கழகத்தில், ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினார் பெர்னாண்டோ கார்படோ. அறுபதாண்டுகளுக்கு முன் தோன்றிய அக்கனவுக்கு உருவம் தந்தவர்கள் இயக்க அமைப்பை வடிவமைத்தவர்களே.

1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, விரைவான சிறு நினைவகத்தையும் மெதுவான பெரிய உருளை நினைவகத்தையும் ஒன்றெனத் தோன்றச் செய்தது. மெய்நிகர் நினைவகம் என்று இன்று வழங்கும் கருத்தின் தொடக்கம் அதுவே. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட விஎம் 370 என்னும் அமைப்பு, ஒரே கணினியைப் பல தனிக்கணினிகளாகக் காட்டியது. ஒவ்வொரு பயனரும் முழுக் கணினியும் தமக்கே உரியது என்று எண்ணிப் பணிசெய்ய முடிந்தது. 2006இல் அமேசான் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, விற்பனைக்கு வந்தது இந்த முதிர்ந்த கருத்தே. விரைவான இணையமும் மலிவான வன்பொருளும் புதியவை. அவற்றை ஆளும் அறிவு பழையது.

வகுப்பறையில் முளைத்த விதை

இவ்வரலாற்றின் மற்றொரு பகுதி மாணவர்களாகிய உங்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், அதன் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு வரிவரியாக உரையெழுதித் தம் மாணவர்க்குக் கற்பித்தார். ஆனால், 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக்குவதற்குத் தடைவிதித்தன. உள்ளே நடப்பதைக் காட்டிக் கற்பிக்கும் வழி அடைபட்டது.

நெதர்லாந்தில் பணியாற்றிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. மாணவர் படித்தறிவதற்கென்றே மினிக்ஸ் என்னும் சிறிய இயக்க அமைப்பைத் தாமே எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அந்நூலைக் கற்று, அந்த அமைப்பைத் தம் கணினியில் நிறுவிப் பழகிய பின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர், 1991இல் தமக்கென ஓர் உட்கருவை எழுதத் தொடங்கினார். உட்கரு என்பது இயக்க அமைப்பின் நடுநாயகமான பகுதி. அம்மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அவர் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று உலகின் மேகச் சேவையகங்களுள் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் அதுவே. 2017 நவம்பர் முதல், உலகின் விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்திலும் லினக்ஸே இயங்கிவருகிறது.

இயக்க அமைப்பின் அடிப்படைகளைக் கற்பது மேகக் காலத்துக்குப் பொருந்தாது என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய மேகமே, ஓர் ஆசிரியர் அந்த அடிப்படைகளைக் கற்பித்ததாலும் ஒரு மாணவர் அவற்றைக் கற்றதாலும் விளைந்த பயன்களுள் ஒன்று.

137 என்னும் எண்

வரலாற்றை விடுத்து அன்றாட வேலைக்கு வருவோம். மேகத்தில் நிரல்களைக் 'கொள்கலன்' என்னும் அமைப்புக்குள் இட்டு இயக்குவது இப்போது பெருவழக்கு. ஒரு நிரல் தனக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தையும் நினைவகத்தையும் மீறாதவாறு, லினக்ஸ் உட்கரு வகுத்துத் தரும் வேலிசூழ்ந்த இடமே கொள்கலன். ஒருநாள் அது திடீரென நின்றுபோகிறது. திரையில் தெரிவது 137 என்னும் எண் மட்டுமே.

சேவையின் பயன்பாட்டை மட்டும் கற்றவருக்கு இந்த எண் ஒரு புதிர். இயக்க அமைப்பை அறிந்தவருக்கோ அது தெளிவான ஒரு செய்தி. ஒரு குறிப்பலையால் நிறுத்தப்பட்ட நிரலின் முடிவைக் காட்ட, அக்குறிப்பலையின் எண்ணோடு 128ஐக் கூட்டுவது யூனிக்ஸ் மரபு. 137இலிருந்து 128ஐக் கழித்தால் எஞ்சுவது 9. ஒன்பதாம் குறிப்பலையின் பொருள், 'உடனே நில்' என்பது. எந்த நிரலாலும் அதனை மறுக்க இயலாது. ஒதுக்கிய அளவுக்குமேல் நினைவகத்தை நிரல் கேட்டதால் உட்கருவே அதனை நிறுத்திவிட்டது என்பதே பெரும்பாலும் இதன் காரணம்.

முன்னவர் செய்வது என்ன? கூடுதல் நினைவகத்தை விலைக்கு வாங்குகிறார். சில நாள் கழித்து நிரல் மீண்டும் நிற்கிறது, மீண்டும் வாங்குகிறார். மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. பின்னவரோ, பயன்படுத்திய இடத்தை நிரல் திருப்பித் தருகிறதா, சிறிது சிறிதாகப் படிக்க வேண்டிய கோப்பை ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் ஏற்றுகிறதா என்று ஆராய்கிறார். ஓட்டைக் குடத்தில் மேலும் மேலும் நீரூற்றுவதற்கும் ஓட்டையைக் கண்டறிந்து அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

மேகம் பொய்த்த நாள்கள்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயண அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிழையான கோப்பை அந்நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆயினும், கணினிகள் மீள்வதற்குப் பல நாள்கள் ஆயின. ஏன்?

இதற்கான விடை இயக்க அமைப்புப் பாடத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அப்பாதுகாப்பு மென்பொருள் உட்கருவின் எல்லைக்குள் இயங்கியது. சாதாரண நிரலொன்று பிழைசெய்தால் அந்நிரல் மட்டும் நிற்கும்; உட்கருவுக்குள் பிழை நேர்ந்தால் கணினியே நின்றுவிடும். இயக்க அமைப்பு எழுந்து நின்றால்தான் வலையமைப்பு கிடைக்கும். வலையமைப்பு கிடைத்தால்தான் திருத்தத்தைத் தொலைவிலிருந்து பெற முடியும். எழும்போதே விழுந்துவிடும் கணினிக்கு எவராலும் எதையும் அனுப்ப இயலாது. எனவே, பெரும்பாலான கணினிகளில் ஒருவர் நேரில் சென்று, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. மேகத்தில் இருந்த மெய்நிகர் கணினிகளுக்கும், அவற்றின் வட்டைக் கழற்றி வேறொரு மெய்நிகர் கணினியில் இணைத்துக் கோப்பை நீக்கும் வழி பரிந்துரைக்கப்பட்டது. வட்டு என்றால் என்ன, கணினி எந்த வரிசையில் எழுகிறது என்பவற்றை அறிந்தவர்களின் கைகளே அன்று உதவின.

2025 அக்டோபரில் அமேசானின் வர்ஜீனியா மையத் தொகுதி பல மணி நேரம் முடங்கியது. அங்குள்ள தரவுத்தளச் சேவை ஒன்றின் இணைய முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்களுள் ஒன்று தாமதமாகச் செயற்பட்டு, புதிய பட்டியலின்மேல் பழையதை எழுதிவிட்டது. மற்றொன்று, பழையவற்றை நீக்கும் தன் பணியைச் செய்தபோது, பயன்பாட்டில் இருந்த அப்பட்டியலையே நீக்கிவிட்டது. முகவரி வெறுமையானதும், அச்சேவையை நம்பியிருந்த சேவைகள் அடுத்தடுத்துச் சரிந்தன.

இரண்டு வேலைகளுள் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடும் இத்தகைய பிழை, 'போட்டி நிலை' என்று இயக்க அமைப்புப் பாடத்தில் கற்பிக்கப்படுகிறது. ஒரு பொருளை ஒரே வேளையில் இருவர் தொடாதவாறு காக்கும் வழியை 1965இலேயே வெளியிட்டவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் வகுத்த கருவி ஒன்றுக்கு இரயில்பாதைக் கைகாட்டியின் பெயரையே இட்டார். ஒரே தண்டவாளத்தில் ஒரு வண்டி செல்லும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. உலகின் மிகப்பெரிய மேகத்தைத் தடுமாறச் செய்தது, அறுபதாண்டுப் பழைமையுள்ள அதே சிக்கல்தான்.

மறுப்புக்கு மறுமொழி

'சோறு உண்பவர் உழவு கற்க வேண்டுமா?' என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. மின்னஞ்சல் அனுப்புவோர் அனைவரும் நினைவகப் பக்கங்களைப் பற்றி அறிய வேண்டும் என்று எவரும் கூறமாட்டார். ஆனால், பிறர்க்குச் சோறு விளைவிக்க முனைபவர் மண்ணையும் நீரையும் அறியாதிருக்க இயலாது. இங்கு நாம் பேசுவது, நாளை மென்பொருளை ஆக்கவும் பேணவும் போகும் மாணவரைப் பற்றியே.

மறைத்துவைப்பதையும் நான் குறைகூறவில்லை. சிக்கலானவற்றை மறைத்து எளிமையான முகத்தைக் காட்டுவதே இயக்க அமைப்பின் அருஞ்செயல். 'கோப்பு' என்று நாம் சொல்லும்போது, வட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளை மறந்துவிடுகிறோம். அம்மறதியால்தான் பெரிய நிரல்களை எழுத முடிகிறது. மேகமும் அத்தகையதொரு மறைப்பே. அதனைப் பயன்படுத்துவது அறிவுடைமை. ஆயினும், தேவை நேரும்போது திரையை விலக்கிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரையறைகளை மனப்பாடம் செய்து, தேர்வில் ஒப்பித்து, மறுநாளே மறந்துவிடும் கல்வியால் மேற்கூறிய பயன் எதுவும் விளையாது. முட்டுக்கட்டை நிலைக்கான நான்கு நிபந்தனைகளை வரிசைமாறாமல் எழுதியவருக்கு, இயங்காமல் நிற்கும் ஒரு நிரலில் அந்நிலையை அடையாளம் காணத் தெரியவில்லையென்றால், பழுது பாடத்தில் இல்லை. கற்கும் முறையில் இருக்கிறது.

எளியோர்க்கும் எட்டும் கல்வி

மேகச் சேவைகளை மட்டும் கற்பிக்கும் பயிற்சிகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அவை தரும் சான்றிதழ்கள் பலவும் சில ஆண்டுகளில் காலாவதியாகின்றன. சேவையின் பெயரும் அமைப்பும் மாறியதும் மீண்டும் கற்க வேண்டும். சொந்தமாக ஒரு மேகக் கணக்கைத் தொடங்க முயன்றாலோ, பெரும்பாலும் கடனட்டை எண் கேட்கப்படுகிறது. சிற்றூரிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வரும் மாணவருக்கு இவையெல்லாம் தடைகள்.

அடிப்படைகளைக் கற்பதற்கோ இத்தடைகள் இல்லை. ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய கணினி ஒன்று போதும். லினக்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதனை நிறுவிப் பழகலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வகையினதே. இயங்கும் செயல்களின் பட்டியலைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் கொள்கிறது என்று அளக்கலாம். ஒன்றை நிறுத்தி, என்ன நிகழ்கிறது என்று நோக்கலாம். ஒரு கோப்பின் உரிமையை மாற்றி, எவர் அதனைத் திறக்க முடிகிறது, எவர் முடியவில்லை என்று சோதிக்கலாம். மேலும் ஆழ்ந்து கற்க விரும்புவோர்க்கு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பாடத்துக்கென எழுதிய எக்ஸ்வி6 என்னும் சிறிய இயக்க அமைப்பின் மூலநிரல் முழுவதும் இணையத்தில் திறந்திருக்கிறது. அது பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவானது. ஒரு கோடை விடுமுறைக்குள் ஆர்வமுள்ள மாணவர் அதில் நெடுந்தூரம் செல்லலாம்.

இங்ஙனம் பெற்ற அறிவு எந்த நிறுவனத்தின் மேகத்துக்குச் சென்றாலும் பயன்படும். அந்நிறுவனம் தன் சேவையின் பெயரை மாற்றினாலும் பழுதுபடாது. கட்டணச் சீட்டைக் கண்டு திகைக்காமல், 'இவ்வளவு நினைவகம் எதற்கு?' என்று கேட்கும் துணிவையும் அது தரும். பிறர் கட்டித்தந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது இழுக்கன்று. ஆனால், வீடுகட்டும் கலையை அறிந்தவர் ஒருவரும் ஊரில் இல்லாமற்போனால், வாடகையையும் வசதியையும் வேறெவரோதான் முடிவுசெய்வர். நாளைய தமிழ்நாட்டுக்கு மேகத்தைப் பயன்படுத்துவோர் மட்டும் போதார். அதனைக் கட்டவும் பழுதுபார்க்கவும் வல்லவர்களும் வேண்டும். அவர்களுள் ஒருவராக வளரும் வாய்ப்பு, உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது.